கோலாலம்பூர்–பினாங்கு குவாண்டம் இணைப்புக்கு நடுவில் ஏன் நிலையங்கள்?

ஒட்டுக்கேட்டால் தெரிந்துவிடும் குவாண்டம் இணைப்புக்கு, கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு நேராக ஒரு ஃபைபர் (ஒளியிழை) போட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. தூரம்தான் வில்லன்.

முதலில் ஒன்று: இதில் செய்தி குவாண்டமாகப் போவதில்லை. செய்தியைப் பூட்டும் சாவி, அதாவது ஒரு ரகசிய எண்வரிசை, மட்டும்தான் ஒற்றை ஒற்றை ஃபோட்டான்களாக (ஒளித்துகள்களாக) போகிறது. பூட்டிய செய்தி வழக்கமான இணையத்திலேயே போகும். பென்னட், பிராஸார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-இல் சொன்ன வழி இது. நடுவில் யாராவது ஃபோட்டானை அளந்து பார்த்தால் அதன் நிலை கலைந்து பிழை கூடும்; ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடும்.

நல்ல ஃபைபரில்கூட கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல் இழப்பு. 100 கிலோமீட்டரில் நூற்றுக்கு ஒரு ஃபோட்டான்தான் மிஞ்சும். பினாங்குவரை ஏறக்குறைய 350 கிலோமீட்டர் என்றால், கோடியில் ஒன்று! வழியில் ஒளியை வலுவாக்கும் பெருக்கிக் கருவி வைக்கலாமே? பெருக்குவது என்றால் நகலெடுப்பது. தெரியாத குவாண்டம் நிலையை நகலெடுக்க இயற்கை விடாது. திருடனைத் தடுக்கும் அதே விதி நம் கையையும் கட்டிவிடுகிறது.

அதனால் தாப்பா, ஈப்போ, தைப்பிங் என்று நிறுத்தி நிறுத்தி, ஒவ்வோர் இடத்திலும் சாவியை அடுத்த துண்டுக்கு மாற்ற வேண்டும். சுமார் 2,000 கிலோமீட்டர் நீளமுள்ள பெய்ஜிங்–ஷாங்காய் தடத்தில் இப்படி 32 நிலையங்கள். சிக்கல் என்னவென்றால், அந்த அறைக்குள் சாவி அப்பட்டமாக இருக்கும். அங்கே இருப்பவரை நம்பித்தான் ஆக வேண்டும். என்னைக் கேட்டால் பலவீனமான கண்ணி இதுதான். விற்பனைப் பேச்சில் இது வராது.

அப்புறம், ஃபைபருக்குப் பதிலாக விண்ணிலிருந்து ஃபோட்டான்களை அனுப்பும் துணைக்கோளம். சீனா 2016-இல் ஏவிய மிசியஸ் அந்த வகை. வெற்றிடத்தில் ஃபோட்டான் உறிஞ்சப்படாது. ஆனால் மேகம் மூடினால் போச்சு. நம் ஊர் வானம்தான் தெரியுமே.