பிரிக்கலாம், காந்தத்தை மட்டும் விட்டுவிடுங்கள்

ஐயா, வணக்கம்.

அப்பா போத்தனூரில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். காலனியை விட்டு வெளிநாடு போன ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திடம் அவர் வாங்கிய பொம்மை ரயில் எஞ்சின் எங்கள் அலமாரியில் இருக்கிறது. அடியில் ‘ட்ரையாங்’ என்று எழுதியிருக்கிறது. 12 வோல்ட் பைக் பேட்டரியைக் கொடுத்தால் வெடுக்கென்று ஓர் அசைவு, அப்புறம் நின்றுவிடுகிறது. லேசாகச் சூட்டு வாசனை வருகிறது. பக்கத்துப் பட்டறை அண்ணன் பிரித்து பெட்ரோலில் கழுவித் தருகிறேன் என்கிறார். தம்பியோ, “ஆன்டிக் அது, திருப்புளி பட்டா விலை போயிரும், தொடாதே” என்கிறான். எனக்கு அது ஓடிப் பார்க்க வேண்டும். பிரிக்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்), போத்தனூர்

*

அன்புள்ள அம்மணி,

தாராளமாகப் பிரியுங்கள். ஆனால் பெட்ரோல் வேண்டாம்.

தம்பி சொல்வதில் ஒரு பாதி சரி. பெட்டியோடு, கீறலே இல்லாமல் இருக்கும் எஞ்சினுக்கு நல்ல விலை உண்டு. ஆனால் ட்ரையாங் எஞ்சின்கள் சாதாரண வீட்டுப் பிள்ளைகள் விளையாடுவதற்காக மலிவாகவும் ஏராளமாகவும் செய்யப்பட்டவை. 1954 முதல் இங்கிலாந்தின் மார்கேட் ஊர்த் தொழிற்சாலையிலிருந்து வந்தன. உதிரி பாகங்களைத் தனியாக விற்றார்கள், கடைக்காரர்களுக்கு சர்வீஸ் ஷீட் அச்சிட்டுக் கொடுத்தார்கள். அதாவது, கழட்டி மாட்டுவார்கள் என்று தெரிந்தே செய்த சாமான் இது. திருகு வைத்துப் பூட்டியிருப்பதே திறப்பதற்குத்தான். காசு சேர்த்து வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டித் தொழில் கற்றவர் ஜி.டி. நாயுடு. அவருடைய கோயமுத்தூர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு திருப்புளிக்கு ஏன் பயப்பட வேண்டும்?

மேல் உடல் ஒன்றிரண்டு திருகில்தான் நிற்கும். கழட்டும் ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுங்கள், திருகுகளைக் கழட்டிய வரிசையிலேயே தட்டில் வையுங்கள். உடல் பிளாஸ்டிக். ஆரம்பகால உடல்கள் சில வருஷம் போகப் போகத் தானாகவே வளைந்துவிடும். உங்களுடையது அப்படியிருந்தால் சூடு காட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள். பெட்ரோல் வேண்டாம் என்றதும் இதனால்தான், பெயின்ட்டும் பிளாஸ்டிக்கும் கெடும். மொபைல் ரிப்பேர் கடையில் வைத்திருக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, உலோகப் பாகங்களை மட்டும் துடைத்தால் போதும்.

உள்ளே மோட்டார் மூடியில்லாமல் திறந்தே கிடக்கும். அந்தக் காலத்து ட்ரையாங் எஞ்சின்களில் பெரும்பாலும் எக்ஸ்.ஓ.4 என்ற மோட்டார்தான். செம்புக் கம்பி சுற்றிய, சுழலும் பாகமான மூன்று முனை ஆர்மேச்சர், ஒரு காந்தம், ஆர்மேச்சருக்கு உரசிக் கரன்ட் கொடுக்கும் இரண்டு கார்பன் பிரஷ். இந்தக் காந்தத்தைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளைத் தொடவே தொடாதீர்கள். பழைய காந்தங்களுக்கு ஒரு குணம் உண்டு. அவற்றின் விசை இரும்பு வழியாகவே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஆர்மேச்சரை உருவினாலோ காந்தத்தைத் தனியே எடுத்தாலோ அந்த வழி அறுந்து காந்தம் பலவீனமாகிவிடும். அப்புறம் அதே ஓட்டத்துக்கு மோட்டார் கூடுதல் கரன்ட் இழுக்கும், சூடாகும். சுத்தம் செய்கிறேன் என்று பிரித்து இப்படிக் கெடுத்த மோட்டார்கள் நிறைய. பிரித்ததால் கெட்டது என்பார்கள். எதைப் பிரிக்கக் கூடாது என்று தெரியாததால் கெட்டது என்பேன் நான்.

பிரஷ்களை எடுக்கலாம். இரண்டையும் ஒரே ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும், கழட்டும்போது தெறித்து ஓடிவிடும். அதன் ஒரு காலில் மட்டும் சின்ன உறை மாட்டியிருக்கும். எந்தப் பக்கம் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரஷ் எஞ்சினின் உலோகச் சட்டத்தோடு சேர்ந்தது, இன்னொன்று சேராதது. சேராத பக்கத்துக் காலில்தான் உறை இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஷார்ட்.

பிரஷ்கள் உரசும் செம்புப் பாகம்தான் கம்யூட்டேட்டர். அதன் மூன்று துண்டுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் கரித்தூள் அடைந்திருக்கும். பல்குத்தும் குச்சியால் நோண்டி எடுங்கள். பிறகு மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, இரண்டிரண்டு துண்டாக மூன்று தடவை அளந்து பாருங்கள். மூன்றும் ஒரே அளவு காட்டினால் காயில் (கம்பிச் சுற்று) நன்றாக இருக்கிறது, குற்றம் அழுக்கிலும் இறுகிய எண்ணெயிலும்தான். (நம் வீடுகளில் தையல் மெஷினுக்கே தேங்காய் எண்ணெய் விடுபவர்கள் உண்டு, அது நாளாக ஆகப் பிசினாகிவிடும்.) ஒரு ஜோடி மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு காட்டினால், அந்த ஒரு காயில் அறுந்திருக்கிறது. நீங்கள் சொல்லும் ‘வெடுக்கென்று அசைந்து நிற்பது’ இதனாலும் வரும்.

காயில் கட்ட வேண்டியிருந்தால் பம்ப்செட் மோட்டார் கட்டுபவரிடம் போகாதீர்கள். அதிலும் கிரைண்டரிலும் இருப்பது பிரஷ் இல்லாத மோட்டார். மிக்ஸி ஆர்மேச்சர் கட்டுபவர்தான் இதற்குச் சொந்தக்காரர். பழைய கம்பியைப் பிரிக்கும்போதே சுற்றுகளை எண்ணி, அதே கனக் கம்பியில் கட்டச் சொல்லுங்கள். அதற்கு மட்டும் ஆர்மேச்சரை வெளியே எடுத்தாக வேண்டும். எடுப்பதற்கு முன்பே காந்தத்தின் இரு முனைகளையும் சேர்த்து ஓர் இரும்புத் துண்டை வைக்கச் சொல்லுங்கள்.

சக்கரங்களையும் அச்சிலிருந்து இழுக்க வேண்டாம். இடது சக்கரத்தின் கிராங்கும் (தண்டு மாட்டும் முனை) வலது சக்கரத்தின் கிராங்கும் 90 டிகிரி தள்ளியிருக்கும். நிஜ நீராவி எஞ்சினில் ஒரு பக்கத்துப் பிஸ்டன் முனையில் போய் நின்று தள்ள முடியாத நேரத்தில் மறுபக்கம் தள்ள வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. அந்தக் கோணம் தவறினால் இணைப்புத் தண்டுகள் இறுகி எஞ்சின் நொண்டும். மேட்டுப்பாளையத்தில் குன்னூர் ஏறும் நீராவி எஞ்சினைப் பக்கத்தில் நின்று ஒருமுறை பாருங்கள். அங்கே சாதாரணச் சக்கரத்துக்கு ஒரு ஜோடி சிலிண்டர், நடுவிலுள்ள பல் தண்டவாளத்தைப் பிடித்து ஏற இன்னொரு ஜோடி. கூட்டத்தில் பலரும் செல்ஃபி எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், தண்டுகள் அசைவதைப் பார்ப்பதில்லை. எனக்கு அதில் நிஜமான வருத்தம்.

எண்ணெய் தையல் மெஷின் எண்ணெய் போதும். ஊசி முனையில் தொட்டு ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு சொட்டு, கம்யூட்டேட்டரில் ஒரு துளிகூடப் படக் கூடாது. மோட்டார் தண்டில் வார்ம் கியர் (திருகு வடிவப் பல்) இருப்பதால் தண்டவாளத்தில் கையால் தள்ளாதீர்கள், பல் தேயும்.

பைக் பேட்டரியை நேராகக் கொடுக்காமல், இடையில் ஒரு 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பைத் தொடராக மாட்டுங்கள். எஞ்சின் ஓடிப் பல்பு மங்கலாக எரிந்தால் சரி. எஞ்சின் அசையாமல் பல்பு பளிச்சென்று எரிந்தால் உடனே எடுத்துவிட்டு, அந்த ஸ்பிரிங் உறை எந்தக் காலில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மல்டிமீட்டர் காட்டிய மூன்று அளவுகளையும் எனக்கு எழுதுங்கள்.