ஹெல்சின்கி குல்லெர்வோ ஏன் சாம்பியன் பட்டியலில் இல்லை?

குல்லெர்வோ ஃபின்லாந்தின் ஒரு கால்பந்து கிளப். நீங்க பார்த்த 1920களின் சாம்பியன் பட்டியல் தப்பில்லை, அது பல்லோலீட்டோவுடையது (ஃபின்லாந்து கால்பந்துச் சங்கம்). 1918 ஃபின்லாந்து உள்நாட்டுப் போரில் செங்காவலர் (இடதுசாரித் தொழிலாளர்) பக்கம் நின்றவர்களை அன்றைய விளையாட்டு அமைப்புகள் வெளியேற்றின. அதனால் 1919இல் தொழிலாளர் விளையாட்டுச் சங்கம் (டி.யு.எல்.) உருவானது. அடுத்த ஆண்டிலிருந்து கால்பந்தில் தனி சாம்பியன்ஷிப்பும் நடத்தியது. குல்லெர்வோ ஆடியது இந்தப் பக்கம். ரெண்டு பட்டியலையும் ஒரே எக்செல் ஷீட்டில் கலக்காதீங்க.

மேட்ச் முடிவுகளுக்கு ஃபின்லாந்து தேசிய நூலகத்தின் டிஜிட்டல் பத்திரிகைத் தொகுப்பு போதும். 1939 வரை இலவசம். வெறும் 'குல்லெர்வோ' என்று தேடினால் ஃபின்லாந்தின் காலேவாலா காவிய நாயகனும் அதே பெயர்க்காரர்களும் வந்து குவிவார்கள். ஹெல்சின்கி நாளிதழ் 'சுவோமென் சோசியாலிடெமோக்ராட்டி'யைத் தேர்ந்தெடுத்து, மே முதல் அக்டோபர் வரை மட்டும் தேடுங்க. ஃபின்னிஷில் பெயரோடு வேற்றுமை உருபு ஒட்டிக்கொள்ளும் (குல்லெர்வோன், குல்லெர்வோல்லா), அதனால் கடைசியில் நட்சத்திரக் குறி போடணும். பழைய கோண எழுத்து அச்சை மென்பொருள் தப்பாகப் படிக்கும். எதிரணிப் பெயரை வைத்தும் ஒருமுறை தேடிப் பாருங்க.

கம்யூனிஸ்ட் பத்திரிகைகள் 1930இல் லாபுவா இயக்க (கம்யூனிஸ்ட் எதிர்ப்புத் தீவிர வலதுசாரி இயக்கம்) நெருக்கடியில் நிறுத்தப்பட்டன. ஆகவே அவற்றில் தேடினால் அந்த ஆண்டோடு தடம் அறுந்துவிடும். அணி கலைந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீங்க.

ஒரே வீரர் பெயர் ரெண்டு பக்கமும் வந்தால் அச்சுப் பிழையாக இருக்கணும்னு இல்லை. ஒலிம்பிக்குக்கும் ஃபிஃபா அங்கீகரித்த தேசிய அணிக்கும் போக பல்லோலீட்டோ கிளப்புதான் வழி, அதனால் நல்ல ஆட்டக்காரர்கள் அடிக்கடி தாவினார்கள்.