தினம் ஒரு போட்டோ: பிப்ரவரியைத் தாண்ட என்ன வழி?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்காங்க: "தினமும் ஒரு போட்டோ எடுக்கணும்னு மூணு வருஷமா ஜனவரி 1 அன்னிக்கு ஆரம்பிக்கறேன், பிப்ரவரி நடுவுல நின்னு போயிடுது. வீடு விட்டா ஆபீஸ், ஆபீஸ் விட்டா வீடுன்னு இருக்கற ஆளு, புதுசா எடுக்க ஒண்ணுமே கண்ணுல பட மாட்டேங்குது. கையில போன்தான் இருக்கு. நல்ல கேமரா வாங்கினா தொடர்ந்து பண்ணுவேனா? ஒரு நாள் விட்டுப் போச்சுன்னா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமா?"

கேமரா விஷயத்தை முதல்லயே முடிச்சிடலாம், வேணாம். இப்போதைக்கு நிச்சயமா வேணாம். இந்த ப்ராஜெக்ட்டை பாதியில விட்டவங்க நிறைய பேர்கிட்ட பேசிப் பார்த்துட்டேன், கேமரா சரியில்லன்னு விட்டவங்க ரொம்பக் கம்மி. மிச்ச பேர் எல்லாம் ரெண்டு வேலையை ஒண்ணா போட்டுக் கலக்கிடறாங்க. போட்டோ எடுக்கறது ஒரு வேலை, எடுத்தது நல்லாருக்கா இல்லையான்னு மார்க் போடறது வேற வேலை, ராத்திரி பதினோரு மணிக்கு அலுப்போட உக்காந்துகிட்டு ரெண்டையும் ஒரே நேரத்துல பண்ணினா எடுத்தது எல்லாமே மட்டமாத்தான் தெரியும், அப்புறம் நாளைக்கு போனை எடுக்கவே கை வராது. அதனால எடுக்கறதை மட்டும் தினமும் பண்ணுங்க, மார்க் போடறதை மாசக் கடைசிக்கு தள்ளிடுங்க. நடுவுல டெலீட் கூட பண்ணாதீங்க. நான் சொல்லப் போற மத்த எல்லாமே இந்த ஒண்ணுக்கு உதவி பண்றதுக்குத்தான்.

ஜேமி லிவிங்ஸ்டன்னு ஒருத்தர் அமெரிக்காவுல இருந்தார். 1979 மார்ச் 31ல இருந்து எடுத்த உடனே பிரிண்ட் வெளியில வர்ற போலராய்ட் எஸ்எக்ஸ்-70 கேமரால தினம் ஒரு படம்னு எடுத்துட்டே போனார், 1997 அக்டோபர் 25 வரைக்கும், அன்னிக்கு அவரோட 41வது பிறந்த நாள், அன்னிக்கேதான் புற்றுநோய்ல இறந்தும் போனார். ஆறாயிரத்துக்கும் மேல படங்கள். அதை எல்லாம் அவரோட நண்பர்கள் ஸ்கேன் பண்ணி இன்டர்நெட்ல வெச்சப்ப உலகம் பூரா ஜனங்க உக்காந்து பார்த்தாங்க. தனித்தனியா எடுத்துப் பார்த்தா அதுல பாதிக்கு மேல ரொம்ப சாதாரணமான படங்கள்தான், நண்பர்கள், அறைகள், ஜன்னல்கள், கொஞ்சம் மங்கலா வேற இருக்கும். ஆனா தேதி வரிசையில பார்க்கும்போது ஒரு முழு வாழ்க்கையே தெரியுது, கடைசி வருஷப் படங்களைப் பார்க்கறப்ப தொண்டை அடைச்சுக்கும். "எடுக்க ஒண்ணுமே இல்ல"ன்னு நீங்க சொல்ற அந்த வீடு-ஆபீஸ்தான் பத்து வருஷம் கழிச்சு உங்களுக்கு மறந்து போயிருக்கும். இப்ப உக்கார்ற மேஜை, இப்ப போட்டுட்டு இருக்கற செருப்பு, கூட வேலை பார்க்கறவரோட கை, லிப்ட் கண்ணாடி, எதுவுமே அப்ப அப்படியே இருக்காது.

சரி, கண்ணுல எதுவும் படலைன்னா என்ன பண்றது? "எதை வேணா எடுக்கலாம்"ங்கறதுதான் இங்க பிரச்சனையே. எது வேணாலும்னா மனசு எதையுமே பிடிக்காது. ஒரு விதி போட்டு வாசலை சின்னதாக்குங்க. இந்த மாசம் பூரா நிழல் மட்டும், அடுத்த மாசம் பூரா கைகள் மட்டும். இல்லன்னா ஒரு நிறம், சிவப்புன்னு வெச்சுக்கோங்க, ஒரு வாரத்துலயே எங்க பார்த்தாலும் சிவப்பா தெரிய ஆரம்பிக்கும், முன்னாடியும் அது அங்கதான் இருந்துச்சு, நாமதான் பார்க்கல. உக்காந்த இடத்துலேர்ந்து பத்து அடிக்குள்ள இருக்கறது மட்டும்னு கூட வைக்கலாம். ஒரு மாசத்துக்கு மேல ஒரே விதியை இழுக்காதீங்க, சலிச்சுப் போயிடும், வாரத்துல ஒரு நாள் விதி இல்லாத நாளா விட்டுடுங்க.

இதுக்கு மேல ஒண்ணு கண்டிப்பா வேணும், அதை நான் கைவசப் படம்னு சொல்லுவேன். உடம்பு சரியில்ல, வேலை நெருக்குது, யார்கிட்டயோ சண்டை, இப்படி ஒண்ணுமே ஓடாத நாளைக்குன்னு முன்கூட்டியே ஒரு ஃப்ரேம் முடிவு பண்ணி வெச்சுக்கணும். எழுந்து நாலு அடி நடந்தா எடுக்கற மாதிரி இருக்கணும், யோசிக்கவே கூடாது. ஒரு ஜன்னல், ஒரே இடத்துல நின்னு, ஒரே உயரத்துல போனைப் பிடிச்சு, ஜூம் இல்லாம. தரையில மார்க்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டி வெச்சிட்டா நிக்கற இடம் மாறாது. வருஷ முடிவுல பார்த்தீங்கன்னா இந்த ஜன்னல் படம் மட்டுமே தனியா ஒரு தொடரா சேர்ந்திருக்கும், நிறைய பேருக்கு அதுதான் மொத்தத்துலயே பெஸ்ட்டா வரும். காரணம் இருக்கு. சூரியன் உதிக்கற இடம் ஜூன்ல வடக்குப் பக்கம் தள்ளியும் டிசம்பர்ல தெற்குப் பக்கம் தள்ளியும் போகும், அதனால ஒரே மணிக்கு அதே ஜன்னல் வழியா விழற வெளிச்சம் மாசா மாசம் தரையில வேற வேற இடத்துல, வேற வேற சாய்வுல விழும். ஒரு நாள் படத்துல இது தெரியாது, ஆறு மாசம் சேர்த்து வெச்சா அப்பட்டமா தெரியும்.

எப்ப எடுக்கறதுங்கறதையும் மனசோட போக்குக்கு விடாதீங்க. ஏற்கெனவே தினமும் தவறாம பண்ற ஒரு காரியத்தோட ஒட்டி வைங்க, வாசல் கதவைப் பூட்டின உடனே, ஆபீஸ் பையை கீழ வெச்ச உடனே, இந்த மாதிரி. யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன்ல பிலிப்பா லாலியும் கூட இருந்தவங்களும் 2010ல வெளியிட்ட ஒரு ஆராய்ச்சி இருக்கு, 96 பேரை ஒரு புதுப் பழக்கம் தேர்ந்தெடுக்கச் சொல்லி, தினமும் நடக்கற ஒரு விஷயத்தோட அதைக் கோர்த்து 12 வாரம் கவனிச்சாங்க. பழக்கம் தானா வர்ற அளவுக்கு ஊற ஆளுக்கு ஆள் 18 நாள்லேர்ந்து 254 நாள் வரைக்கும் ஆகும்னு கணக்கு வந்துச்சு, நடுவாந்திரமா 66 நாள். நீங்க நிக்கறது எந்த இடத்துலன்னு பாருங்க, பிப்ரவரி நடுன்னா நாப்பத்தஞ்சு நாள். ஆரம்ப ஜோரு தீர்ந்திருக்கும், பழக்கம் இன்னும் ஊறியிருக்காது, சரியா அந்த நடுப் பள்ளத்துலதான் விழறீங்க. இதுல சோம்பேறித்தனம்னு எதுவும் இல்ல. அந்த ரெண்டு மூணு வாரத்துக்கு கைவசப் படத்தை தாராளமா பயன்படுத்துங்க, வரிசையா ஏழு நாள் ஜன்னலே வந்தாலும் பரவால்ல.

ஒரு நாள் விட்டா? அதே ஆராய்ச்சியில, நடுவுல ஒரு வாட்டி விட்டுப் போனதால பழக்கம் உருவாகறது பெருசா பாதிக்கலன்னும் பார்த்திருக்காங்க. அதனால முதல்லேர்ந்து எல்லாம் வேணாம், அந்தத் தேதியை காலியா விட்டுட்டு அடுத்த நாளுக்குப் போங்க. நேத்து எடுத்த ரெண்டாவது படத்தை அங்க சொருகாதீங்க, தேதிதான் இந்த ப்ராஜெக்ட்டோட முதுகெலும்பு, அதுல பொய் கலந்துட்டா அப்புறம் உங்களுக்கே அதுல பிடிப்பு போயிடும். டெச்சிங் ஷேன்னு தைவான்ல பிறந்த ஒரு கலைஞர், 1980 ஏப்ரல்லேர்ந்து ஒரு வருஷம், ராத்திரி பகல் எல்லாம் சேர்த்து மணிக்கு ஒரு தடவை ஆபீஸ்ல வைக்கற மாதிரியான டைம் கார்டு மெஷின்ல பஞ்ச் பண்ணி, ஒவ்வொரு தடவையும் 16 எம்எம் சினிமா ஃபிலிம்ல ஒரே ஒரு ஃப்ரேம் தன்னை எடுத்துக்கிட்டார். மொத்தம் 8,760 தடவை பண்ணியிருக்கணும், 133 தடவை விட்டுப் போச்சு, அந்த 133ஐயும் தூங்கிப் போனது எத்தனை, லேட்டானது எத்தனை, அவசரப்பட்டு முன்னாடியே அடிச்சது எத்தனைன்னு பிரிச்சு கணக்கு எழுதி வெச்சார். அந்தக் கணக்கும் அந்தப் படைப்போட ஒரு பகுதிதான். நீங்களும் விட்ட நாளுக்கு ஒரு வரி காரணம் எழுதி வைங்க, போதும். அப்படியே நாள் எப்ப முடியுதுன்னும் முடிவு பண்ணிடுங்க, முக்கியமா நைட் ஷிப்ட் போறவங்க, தூங்கப் போற வரைக்கும் அதே நாள்னு வெச்சுக்கலாம், பன்னெண்டு மணின்னு வெச்சுக்கலாம், நடுவுல மாத்தாம இருந்தா சரி.

365ங்கற எண்ணையும் ஆரம்பத்துலயே தலையில ஏத்திக்க வேண்டியதில்ல. ஜிம் பிராண்டன்பர்க்ங்கற அமெரிக்க இயற்கைப் படக்காரர் 1994ல இலையுதிர் காலத் தொடக்கத்துலேர்ந்து குளிர்காலத் தொடக்கம் வரைக்கும் 90 நாள், ஒரு நாளைக்கு ஷட்டரை ஒரே ஒரு தடவைதான் அமுக்குவேன், ரெண்டாவது சான்ஸ் கிடையாதுன்னு எடுத்தார். அவர் அனுபவசாலி, அந்த ஒரு க்ளிக் கட்டுப்பாடு ஆரம்பிக்கறவங்களுக்கு வேணாம், ஆனா 90 நாள்ங்கறது நல்ல அளவு. முடிஞ்சதும் பிடிச்சிருந்தா அடுத்த 90. ஜனவரி 1 வரைக்கும் காத்திருக்கவும் வேணாம், எந்தத் தேதியில ஆரம்பிச்சாலும் அது முதல் நாள்தான்.

இப்ப போன்லயே படம் கொஞ்சம் உருப்படியா வர்றதுக்கு. முதல்ல லென்ஸைத் துடைங்க, நிஜமாத்தான் சொல்றேன், பாக்கெட்லயும் கையிலயும் இருக்கற போன்ல எண்ணெய்ப் பிசுக்கு படிஞ்சிருக்கும், விளக்கைச் சுத்தி பனி மாதிரி ஒரு வெள்ளை மூட்டம் வருதே அது பெரும்பாலும் அதனாலதான். பகல்ல வீட்டுக்குள்ள எடுக்கும்போது ரூம் லைட்டை அணைச்சிட்டு ஜன்னல் வெளிச்சத்துல மட்டும் எடுங்க, ரெண்டும் சேர்ந்தா ஒரு பக்கம் மஞ்சளாவும் ஒரு பக்கம் நீலமாவும் அடிக்கும். எடுக்க வேண்டிய இடத்தைத் தொட்டு அமுக்கிப் பிடிச்சா ஃபோகஸும் வெளிச்சமும் லாக் ஆகும், அப்புறம் விரலை கீழ இழுத்து கொஞ்சம் இருட்டாக்குங்க, போன் தானா எடுக்கும்போது எல்லாத்தையும் வெளிச்சமாக்கத்தான் பார்க்கும், நிழல் எடுக்கறப்ப அது படத்தையே கெடுத்துடும். டிஜிட்டல் ஜூம் வேணாம், ரெண்டு அடி கிட்டப் போங்க. ராத்திரி நைட் மோட்ல போன் ஒண்ணு ரெண்டு செகண்டுக்கு மேல கூட வெளிச்சத்தைச் சேர்க்கும், அதனால எதுலயாவது சாய்ச்சு வெச்சு மூணு செகண்ட் டைமர் போட்டு எடுத்தா ஆடாது. எல்ஈடி பல்ப் வெளிச்சத்துல படம் பூரா பட்டை பட்டையா கோடு விழுதா? மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் இருக்கற இடத்துல ப்ரோ மோட்ல, அதாவது செட்டிங்கை எல்லாம் நாமளே மாத்தற மோட்ல, ஷட்டர் வேகத்தை 1/50 செகண்ட் இல்ல 1/100 வைங்க, 60 ஹெர்ட்ஸ்னா 1/60 இல்ல 1/120, பெரும்பாலும் போயிடும்.

முகத்தையே தினமும் எடுக்கறவங்களுக்குத் தனியா ஒண்ணு. நோவா கலினாங்கற அமெரிக்க போட்டோகிராபர் 2000 ஜனவரி 11லேர்ந்து தினமும் தன் முகத்தை எடுத்து, 2006ல ஆறு வருஷப் படங்களை ஆறு நிமிஷத்துக்கும் குறைவான வீடியோவா யூட்யூப்ல போட்டார். கார்ல் பேடன்னு இன்னொரு அமெரிக்க போட்டோகிராபர் அதுக்கும் முன்னாடி, 1987லேர்ந்தே அதே கேமரா, அதே ட்ரைபாட், அதே லைட், முகத்துல எந்த உணர்ச்சியும் காட்டாம எடுக்கறார். முகம் மாறுறது தெரியணும்னா மத்த எதுவுமே மாறக் கூடாது. கிரிட் கோட்டை ஆன் பண்ணி மேல் கோட்டுல கண்ணு வர்ற மாதிரி வைங்க, கையை நீட்டிப் பிடிக்காம ஸ்டாண்ட்ல தள்ளி வைங்க, ரொம்பக் கிட்ட எடுத்தா மூக்கு பெருசாத்தான் தெரியும். வீடியோவா ஆக்கும்போது செகண்டுக்கு 24 படம்னா ஒரு வருஷம் 15 செகண்ட்ல ஓடிடும், 12 வெச்சா அரை நிமிஷம், முதல் வருஷத்துக்கு 12 நல்லாருக்கும்.

சேமிக்கறதுல அலட்சியம் வேணாம், எடுக்கறதை நிறுத்தாம இருந்தும் போன் போனதால மொத்தத்தையும் இழந்தவங்க உண்டு. படம் ஒண்ணு நாலு எம்பின்னா வருஷத்துக்கு ஒண்ணரை ஜிபிதான், இடம் ஒரு பிரச்சனையே இல்ல. மூணு காப்பி, போன், ஹார்ட் டிஸ்க் மாதிரி ரெண்டு வேற வேற மீடியாவுல, அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளியில, க்ளவுட்ல இருந்தாலும் சரி. ஃபைல் பேரை வருஷம், மாசம், தேதி வரிசையில வைங்க, 2026-03-09 மாதிரி, அப்பத்தான் எந்தக் கம்ப்யூட்டர்ல போட்டாலும் தானா வரிசையில நிக்கும். வாட்ஸ்அப்ல உங்களுக்கே அனுப்பி வெச்சுக்கறதை பேக்கப்னு நினைக்காதீங்க, சாதாரணமா அனுப்பினா படத்தைச் சுருக்கிடும், எடுத்த தேதி நேரம் இருக்கற மெட்டாடேட்டாவும் போயிடும்.

மாசக் கடைசியில ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி முப்பது படத்தையும் ஒரே பக்கத்துல சின்னச் சின்னதா அடுக்கிப் பாருங்க, முடிஞ்சா பிரிண்ட் எடுத்து. மார்க் போடற நேரம் இதுதான். பிடிச்சது மூணு எடுத்து வைங்க, திரும்பத் திரும்ப ஒரே உயரத்துலேர்ந்து எடுக்கறீங்களா, எல்லாத்தையும் நட்ட நடுவுல வைக்கறீங்களா, மனுஷங்களே இல்லையா, இந்த மாதிரி விஷயம் எல்லாம் சேர்த்து பார்க்கும்போதுதான் தெரியும், அதுலேர்ந்து அடுத்த மாச விதி தானா கிடைச்சிடும்.

இதை எல்லாருக்கும் காட்டணும்னு கட்டாயம் இல்ல, லைக் எண்ண ஆரம்பிச்சா தினமும் மார்க் போடற வேலை திரும்ப வந்து உக்காந்துக்கும், முதல் 90 நாள் உங்ககிட்டயே இருக்கட்டும்னுதான் சொல்லுவேன். காட்டறதா இருந்தா படத்துல இருக்கறவங்ககிட்ட கேட்டுட்டு போடுங்க, குழந்தைங்கன்னா பெத்தவங்ககிட்ட, ஆபீஸ்ல எடுத்ததுன்னா பின்னாடி ஸ்க்ரீன்ல என்ன தெரியுதுன்னு ஒரு தடவை பெருசு பண்ணிப் பாருங்க. தினமும் ஒரே ஜன்னல்லேர்ந்து எடுக்கற படத்துல உங்க வீடு எங்க இருக்குங்கறதும் லொகேஷனா பதிஞ்சிருக்கும், பப்ளிக்கா போடறதுக்கு முன்னாடி அதை எடுத்துடுங்க.