மூக்கு ஏன் பெரிதானது?

கேள்வி: ஸூம் மீட்டிங்கில் சரியாகத் தெரியும் என் வகிடு, ரெக்கார்டிங்கில் பக்கம் மாறி, முகமே கோணலாகத் தெரிகிறது. மூக்கு வேறு பெரிதாக! மற்றவர்களுக்கு நான் எப்படித்தான் தெரிகிறேன்?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ரெக்கார்டிங்கில் இருப்பதுதான் ஊர் பார்க்கும் முகம், அம்மணி. ஸூம் உங்கள் திரையில் மட்டும் கண்ணாடிபோல இடவலம் மாற்றிக் காட்டும். எதிரில் இருப்பவருக்கு மாற்றாது. நேரிலும் அவர் உங்களை அப்படித்தானே பார்க்கிறார்? அவருக்குக் கோணலாகவே தோன்றாது. கண்ணாடி பார்த்துப் பழகிய நமக்குத்தான் வித்தியாசம்.

மூக்கு பெருப்பது தூரத்தால். ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தால், காதைவிட மூக்கு கேமராவுக்கு ரொம்பக் கிட்டே. இரண்டு முழமாவது தள்ளிப் போங்கள். லேப்டாப்புக்கு அடியில் தடித்த புத்தகங்களை அடுக்கி, கேமராவைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். (என் வீட்டில் பழைய தீபாவளி மலர்களுக்கு இதுதான் வேலை.) ஜன்னலுக்கு முதுகு காட்டினால் முகம் இருட்டடிக்கும்.

அப்புறம், உங்கள் முகத்தை உங்கள் திரையிலிருந்து மறைக்க ஸூமில் 'ஹைட் செல்ஃப் வியூ' என்று ஒன்று இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-ல் ஸூம் களைப்புக்குச் சொன்ன நான்கு காரணங்களில், ஓயாமல் நம் முகத்தையே பார்ப்பதும் ஒன்று. தயங்காமல் அமுக்குங்கள். உங்களுக்குத்தான் மறையும், மற்றவர்களுக்கு அல்ல; கொட்டாவி விடுமுன் அது ஞாபகம் இருக்கட்டும்!