வாசகர் கேள்வி - பதில்: அணைக்காத கணினி

கேள்வி: எங்கள் வீட்டில் மேசைக் கணினி, மானிட்டர், யூபிஎஸ், ரவுட்டர், பிரிண்டர் ஆகிய எல்லாம் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அடிக்கடி போட்டு அணைத்தால்தான் கணினி கெட்டுப்போகும் என்கிறான், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என் மகன். மின் கட்டணம் கட்டுகிற எனக்கு அது சரியாகப் படவில்லை. உண்மை என்ன?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை

பதில்: உங்கள் மகன் சொல்வது பொய்யல்ல, பழைய உண்மை. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1946-இல் உலகுக்கு அறிமுகமான எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. பழைய ரேடியோப் பெட்டிக்குள் சிவந்து எரியுமே, அதே இனம்தான். அவற்றில் பெரும்பாலானவை சூடேறும்போதும் ஆறும்போதும்தான் பழுதாயின என்பதால், அதை இயக்கியவர்கள் கூடுமானவரை அணைக்காமலே வைத்திருந்தார்கள். வால்வுகள் மறைந்த பிறகும் அந்த வழக்கம் மட்டும் தலைமுறை தாண்டி வந்துவிட்டது.

பின்னாளில், கோப்புகளைச் சேமித்து வைக்கும் ஹார்டு டிஸ்க்கைக் காட்டி அதே வாதம் தொடர்ந்தது. பழைய வகை டிஸ்க்குகளில், சுழலும் தட்டு நிற்கும்போது படிக்கும் முனை அதன் மீதே இறங்கி உரசும் என்பது உண்மைதான். ஆனால் அந்த டிஸ்க்குகளுக்கே தயாரிப்பாளர்கள் பொதுவாக 50,000 முறை நின்று கிளம்பும் திறனைக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். நாளுக்கு இரண்டு முறை அணைத்துப் போட்டாலும் அந்தக் கணக்குத் தீர 68 ஆண்டுகள் ஆகும். இப்போது பெரும்பாலான கணினிகளில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக இருக்கும் எஸ்எஸ்டி என்ற சேமிப்புக் கருவியில் சுழலும் பாகமே கிடையாது.

இன்றைய கணினிக்கு உண்மையான பகை வெப்பம். மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பவர் சப்ளைக்குள் சிறு உருளைகளாக நிற்கும் கெப்பாசிட்டர்களில் ஒரு திரவம் இருக்கிறது. சூட்டில் அது மெல்ல வற்றுகிறது. 105 டிகிரி வெப்பத்தில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று குறிக்கப்பட்ட கெப்பாசிட்டர், ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஏறத்தாழ இரு மடங்கு காலம் உழைக்கும் என்பது மின்னணுத் துறையில் வழங்கும் கணக்கு. அதன்படி 65 டிகிரியில் அதற்கு 32,000 மணி நேரம் கிடைக்கிறது. இடைவிடாமல் ஓடினால் அது மூன்றரை ஆண்டுகளுக்குச் சற்று மேல். நாளுக்கு எட்டு மணி நேரம் மட்டும் ஓடினால் பதினோரு ஆண்டுகள். மின்விசிறி ஓடும் நேரமெல்லாம் தூசியை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதையும், மழைக்காலத்தில் கதகதப்புத் தேடி வரும் பல்லியும் எறும்பும் பவர் சப்ளைக்குள் புகுந்து தாமும் கருகி அதையும் கருக்கிவிடும் என்பதையும் கணினி பழுதுபார்க்கும் கடைக்காரர் எவரும் சொல்வார்.

உங்கள் கவலையான மின் கட்டணத்துக்கு வருகிறேன். வேலை எதுவும் செய்யாமல் விழித்திருக்கும் சாதாரண மேசைக் கணினி 50 வாட், மானிட்டர் 20 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகன் நாளுக்கு ஆறு மணி நேரம் அதில் வேலை செய்தால், மீதி 18 மணி நேரத்தில் 1.26 யூனிட் வீணாகிறது. இரண்டு மாத ரீடிங்கில் அது சுமார் 75 யூனிட். தமிழக அரசு இலவசமாகத் தரும் யூனிட்டுகளில் ஒரு பெரிய பங்கை ஆளில்லாத அறையில் விழித்திருக்கும் கணினிக்கும் திரைக்குமே கொடுத்துவிடுகிறீர்கள். வீட்டின் மொத்தக் கணக்கு 500 யூனிட்டை ஒட்டி நிற்கிறதென்றால் இன்னும் கவனம் தேவை. அந்த எல்லையைத் தாண்டிய வீட்டுக்கு விலைப் பட்டியலே வேறு.

அதற்காகக் காபி குடிக்க எழுந்தால்கூட அணைக்க வேண்டும் என்று மகனை விரட்ட வேண்டாம். பகலில் சிறு இடைவெளிகளுக்கு ஸ்லீப் நிலை போதும். அதில் கணினி சில வாட் மட்டுமே எடுக்கும். ஆனால் திறந்திருக்கும் வேலை முழுவதும் அப்போது மின்சாரம் இருந்தால்தான் நிற்கும் நினைவகத்தில் இருப்பதால், மின்வெட்டு வந்து யூபிஎஸ்ஸும் தீர்ந்துபோனால் சேமிக்காதவை போய்விடும். சாப்பாட்டுக்குப் பின் சற்றுக் கண்ணயர்கிறவர் ஹைபர்னேட் முறையைப் பயன்படுத்தலாம். அது எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைந்துவிடும். இரவில் ஷட்டவுன்தான் என் தேர்வு. சுவர் ஸ்விட்சை நேரடியாகத் தட்டி அணைப்பது மட்டும் கூடவே கூடாது.

ஒரு சிறு குறிப்பு: விண்டோஸ் 8 முதல் வந்த விரைவுத் தொடக்க வசதி இயங்கும் கணினிகளில், ஷட்டவுன் கொடுக்கும்போது அடிப்படை மென்பொருளின் நிலை டிஸ்க்கில் பதிந்து, மறுநாள் அப்படியே திரும்பி வருகிறது. ஆகவே தினமும் அணைத்தாலும் சில கோளாறுகள் தீராமல் தொடரும். வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுக்கச் சொல்லுங்கள். முழுமையான புதுத் தொடக்கம் அதில்தான் கிடைக்கும்.

கேள்வி: ஸ்கிரீன் சேவர் ஓடினால் மின்சாரம் மிச்சம்தானே?
- கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: இல்லை. ஒரே உருவம் நெடுநேரம் நின்று பழைய குழாய்த் திரையில் தழும்பாகப் பதியாமல் இருக்கவே அது பிறந்தது. எல்சிடி திரையின் பின்விளக்கு, மீன் நீந்தினாலும் பூ மலர்ந்தாலும் அதே அளவு எரியும். ஐந்து நிமிடத்தில் திரையே அணையும்படி அமைத்துவிடுங்கள்.

கேள்வி: கணினியை அணைத்தபின் யூபிஎஸ்ஸையும் அணைக்கலாமா? பேட்டரி வீணாகாதா?
- வாசகர், திருச்சி

பதில்: தினமும் பயன்படுத்தும் யூபிஎஸ்ஸை இரவில் அணைப்பதால் கெடுதல் இல்லை, பகலில் சில மணி நேரத்தில் பேட்டரி நிறைந்துவிடும். வரிசைதான் முக்கியம். முதலில் யூபிஎஸ்ஸின் சொந்தப் பொத்தானை அணைத்து, அதன் பிறகு சுவர் ஸ்விட்சை அணைக்க வேண்டும். மாற்றிச் செய்தால், மின்வெட்டு வந்துவிட்டதாக எண்ணி அது கத்திக் கத்தியே பேட்டரியைக் காலி செய்யும். மாதக்கணக்கில் ஊருக்குப் போகிறவர்களின் நிலை வேறு. ஈய அமில பேட்டரி சும்மா இருந்தாலே அதன் சார்ஜ் தானாக இறங்கும். வற்றிய நிலையில் நெடுநாள் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து, பிறகு சார்ஜ் ஏறாது. புறப்படும் முன் நிறையச் சார்ஜ் செய்து வையுங்கள். திரும்பி வர மூன்று மாதத்துக்கு மேலாகும் என்றால், இடையில் ஒருமுறை சார்ஜ் போட அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிச் செல்லுங்கள்.

கேள்வி: ரவுட்டரை இரவில் அணைக்க வேண்டுமா?
- இல்லத்தரசி, தென்காசி

பதில்: ஓயாமல் ஓடவே வடிவமைக்கப்பட்ட கருவி அது. பத்து வாட் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட் சொச்சம்தான் ஆகும். கண்காணிப்பு கேமராவோ வைஃபை வழியாகப் பேசும் கைபேசியோ வீட்டில் இருந்தால் விட்டுவிடலாம். சித்திரை, வைகாசிக் கோடை இடியிலும் ஐப்பசி அடைமழையிலும் மட்டும் கதை மாறுகிறது. செம்புக் கம்பி வழியாக இணையம் வரும் வீடுகளில், எங்கோ விழும் மின்னலின் அதிர்ச்சி அந்தக் கம்பியோடு நேராக உள்ளே வரும். ஃபைபர் இணைப்பில் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்றாலும், அடாப்டர் வீட்டு மின் இணைப்பில்தானே இருக்கிறது? ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அதற்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளியை மின்னல் எளிதில் தாண்டிவிடும். வானம் கறுக்கும்போதே பிளக்கையும் இணையக் கம்பியையும் பிடுங்கிவிடுங்கள். தலைக்கு மேல் இடிக்கத் தொடங்கிய பிறகு அவற்றைத் தொட வேண்டாம். ரவுட்டர் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.