கருவள விகிதம் குறைந்தால் உடலில் குறை என்று அர்த்தமில்லை

தோழி, கல்யாணமாகி எட்டு மாதம், 27 வயது, அதற்குள் 'இந்தக் காலத்துப் பெண்களுக்குக் கருவளம் குறைந்துவிட்டதாக அரசு சர்வேயே சொல்கிறது' என்று மாமியார் குத்திக்காட்டுவதாக எழுதியிருந்தீர்கள். படிக்கவே வருத்தமாக இருந்தது.

அந்த வார்த்தைதான் குழப்புகிறது. தேசிய குடும்ப நல ஆய்வு சொல்லும் மொத்தக் கருவள விகிதம் உடல்திறனை அளப்பதே இல்லை. 15 முதல் 49 வயதுப் பெண்களிடம் அவர்கள் பெற்ற குழந்தைகளைப் பற்றிக் கேட்டு, இதே போக்கில் போனால் ஒரு பெண் வாழ்நாளில் சராசரியாக எத்தனை பிள்ளை பெறுவாள் என்று போடும் கணக்கு, அவ்வளவுதான். 1992-93ல் 3.4 ஆக இருந்தது 2019-21ல் 2.0 ஆனதற்கு, பெண்கள் படித்ததும், தாமதமாகக் கல்யாணம் செய்வதும், இரண்டு போதும் என்று கருத்தடை செய்துகொள்வதும் பெரிய காரணங்கள். அதே ஆய்வில் என்னைக் கவலைப்படுத்துவது வேறு: 57 சதவீதப் பெண்களுக்கு ரத்தசோகை. நீங்களும் ஹீமோகுளோபின் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, உங்கள் விஷயம். 35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம் முயன்றும் கருத்தரிக்காதபோதுதான் பொதுவாகப் பரிசோதனைக்குச் சொல்வார்கள். மாதவிடாய் ஒழுங்கில்லை என்றால் காத்திருக்காமல் இப்போதே போங்கள். அப்புறம், போகும்போது கணவரையும் கூட்டிப் போங்கள், விந்தணுப் பரிசோதனை எளிது, முதலிலேயே செய்துவிடலாம்.