பொம்மையில் போட்டாச்சு, ஆளுக்குப் போடக் கை நடுங்குது

கேள்வி: முக்கூடல் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். காப்பர் டி (கர்ப்பத்தடைக்காகக் கர்ப்பப்பைக்குள் வைப்பது) போடுகிற பயிற்சிக்குப் போய் வந்தாச்சு. பொம்மையில் நன்றாகவே போட்டேன், ஆளுக்குப் போட்டது ரெண்டோ மூணோதான். இப்போது தனியாகப் போடச் சொல்கிறார்கள். வெள்ளைப்படுது என்று வருகிறவர்கள், கல்யாணம் ஆகாத பிள்ளைகள், இவர்களிடம் எப்படிப் பேசுவது என்றும் பிடிபடவில்லை. மறுபடி பயிற்சி கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேளுங்க, ஆனால் இன்னொரு வகுப்பு வேண்டாம், லேபர் வார்டு டூட்டி கேளுங்க. அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையோ ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியோ (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை), உங்கள் மெடிக்கல் ஆபீசர் பேசி அனுப்ப முடிகிற இடத்தில் கொஞ்ச நாள் நின்றால், கை தேர்ந்த ஒருவர் பக்கத்தில் இருக்க நீங்கள் போடலாம். எத்தனை கேஸ் ஆச்சு என்று எண்ண வேண்டாம். பக்கத்தில் நிற்கிறவர் வாயே திறக்காமல் ஒரு கேஸை முழுசாக முடிக்கிற வரைக்கும் தனியாகப் போட ஒத்துக்கொள்ளாதீங்க, மாதக் கணக்கு காட்டணும் என்று யார் நெருக்கினாலும் சரி.

பொம்மையில் வராத சிக்கல் எங்கே வரும் என்றால், கர்ப்பப்பை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதில். பொம்மையில் அது எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். ஆளுக்கு அப்படி இல்லை, சிலருக்குப் பின்பக்கம் சாய்ந்திருக்கும், அதைக் கை வைத்துப் பார்க்காமல் சவுண்டை (கர்ப்பப்பையின் ஆழம் அளக்கிற கம்பி) விட்டால்தான் ஓட்டை விழுகிற ஆபத்து. அதனால் முதலில் இரண்டு கையாலும் பரிசோதனை, அப்புறம் வால்செல்லம் என்கிற இடுக்கியால் கர்ப்பப்பை வாயை மெதுவாக இழுத்துப் பிடித்துக்கொண்டு சவுண்ட். தடுத்தால் நிறுத்துங்க, அழுத்தவே கூடாது. அளவு வந்ததும் காப்பர் டி குழாயின் நீல வளையத்தை அந்த அளவுக்கு வைத்து, உறைக்குள்ளேயே காப்பர் டியின் இரண்டு கைகளையும் மடக்கி, 5 நிமிடத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். விடும்போது குழாய்க்குள் இருக்கிற வெள்ளைக் கம்பியை அசையாமல் பிடித்து குழாயைத்தான் பின்னால் இழுக்கணும். புதிதாகப் போடுகிறவர்கள் பெரும்பாலும் கம்பியைத் தள்ளிவிடுகிறார்கள், அதை யாராவது பார்த்துச் சொன்னால்தான் திருந்தும். பிரசவம் முடிந்த கையோடு போடுவது தனி வித்தை. நஞ்சுக்கொடி வெளியே வந்த 10 நிமிடத்துக்குள், இல்லை 48 மணி நேரத்துக்குள். அதை விட்டால் 6 வாரம் கழித்துத்தான். இதற்கு நீளமான ஃபோர்செப்ஸ் பிடித்துப் பழகணும், சாதாரணமாகப் போடத் தெரிந்தவருக்கு இதுவும் தெரியும் என்று நினைக்காதீங்க.

பேச்சுக்கும் இதே மாதிரி பழக்கம் வேண்டும். உங்க கூட வேலை பார்க்கிற நர்ஸை பீடி சுற்றுகிற மதினியாக உட்கார வைத்து, பக்கத்தில் மாமியாராக இன்னொருத்தரை வைத்துப் பேசிப் பாருங்க, சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் மாமியாரை எப்படி வெளியே அனுப்புவது என்று அங்கேதான் பிடிபடும். ("அத்தை, சீட்டு போட்டுட்டு வாங்க" என்றாலே போதும்.) மாமியார் இருக்கும்போது கேட்டால் எல்லாவற்றுக்கும் "ஒண்ணுமில்லை"தான் வரும்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடுகிற கர்ப்பத்தடை ஊசியான அந்தராவில் ஒரு சின்ன விஷயம். ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துவிடுவது நம் கைப்பழக்கம், இதற்குத் தேய்க்கவும் கூடாது, வெந்நீர் ஒத்தடமும் கூடாது. முதலில் விட்டு விட்டு ரத்தம் படலாம், போகப்போகத் தீட்டே நின்றுவிடலாம், கெட்ட ரத்தம் உள்ளே தங்கிப்போகாது என்று போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்க. சொல்லாமல் விட்டால் மூன்று மாதம் கழித்து அடுத்த ஊசிக்கு வர மாட்டார்கள். ஊசியை நிறுத்தினாலும் கரு தங்கச் சில மாதம் பிடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லணும், அடுத்த பிள்ளைக்கு நாள் பார்க்கிறவர்களுக்கு அது முக்கியம்.

வெள்ளைப்படுவதைச் சூடு என்று சொல்லி மோர் குடிக்கச் சொல்லி அனுப்பாதீங்க. ஸ்பெகுலம் (உள்ளே விரித்துப் பார்க்கிற கருவி) வைத்துப் பாருங்க. கர்ப்பப்பை வாயில் சீழ் இருந்தால் அன்றைக்குக் காப்பர் டி கிடையாது. டாக்டர் பார்த்து சாம்பல் நிற மருந்து கிட் கொடுப்பார், புருஷனுக்கும் சேர்த்து. தயிர் மாதிரியோ, நாற்றத்தோடோ வருவது என்றால் பச்சை கிட். கூடவே ஹெச்ஐவி, சிபிலிஸ் சோதனைக்கு நம்பிக்கை மையத்துக்கு அனுப்புங்க.

கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு 18 முடிந்திருந்தால் மற்றவர்களுக்குச் செய்வது எல்லாமே அவளுக்கும் உண்டு, காலில் மெட்டி இருக்கா என்று பார்க்கிற பழக்கத்தை விட்டால் போதும். 18க்குக் கீழே உள்ள பிள்ளைக்கு உடலுறவு நடந்திருப்பது தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆகணும். கருக்கலைப்புக்கு வந்த சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் சொல்லாமல் விடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. அதனால் ஓபி சீட்டில் எதையும் எழுதுவதற்கு முன்னால் டாக்டரிடம் தனியாகப் போய்ச் சொல்லிவிடுங்க.